செத்த மகாராணியின் அரை ரூபாய்

மடுல்சீமைப் பனியைப் பற்றி யாராவது ரசித்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடியற்காலையில் ஈரச் சாக்கை இடுப்பில் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, எதிரே நிற்பது மனுஷியா தேயிலைச் செடியா என்று தெரியாமல் கொழுந்து கிள்ளியவர்கள் யாரும் அதை அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. பனி என்றால் இருமல், அட்டை, காயாத துணி. அவ்வளவுதான். குருவிமலைத் தோட்டத்தில், கூலிகள் குடியிருப்பு வரிசையான மேல் லயத்தில் பெரியாயி செத்ததும் அப்படியொரு பனிக்காலத்தில்தான். செத்தாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லி வைக்கிறேன். மிச்சத்தைக் கேட்டுவிட்டு நீங்கள் வேறு சொல் போட்டுக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

விக்டோரியா மகாராணி போய், அவள் மகன் ராஜாவாகிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. பெரியாயியின் புருஷன் அழகையா தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் கத்தி பட்ட செடி மறுபடி துளிர்க்கும் என்று ஆள் கட்டி வேலை வாங்குகிற கங்காணியே சொல்வார். இரண்டு பேரும் முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த ஜோடி. பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. அந்தக் குறையை மறைக்கிறதற்கோ என்னவோ, பெரியாயி வாய் ஓயாமல் பேசுவாள், பாடுவாள், அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் இருந்த பாக்கியலெட்சுமியோடு சேர்ந்து சம்பல் அரைத்துக்கொண்டே ஊரை இழுத்துப் போட்டுச் சிரிப்பாள்.

ஐப்பசி மழையும் பனியுமாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தல் கசப்புத் தண்ணீர் கொடுத்தார். காய்ச்சல் ஏறி, பிதற்றி, பிறகு ஒரு காலையில் உடம்பு சில்லிட்டுப் போனது. மூக்கருகே பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. குளிப்பாட்டினார்கள், தலையைத் தெற்கே வைத்துக் கிடத்தினார்கள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் வைக்கக் காசு வேண்டுமென்று பாக்கியலெட்சுமி கேட்டபோது, அழகையா இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு வெள்ளி அரை ரூபாயை எடுத்துக் கொடுத்தான். அவள் அதன் முதுகில் சந்தனத்தைக் குழைத்து அப்பி நெற்றியில் ஒட்டினாள். யாரும் அந்தக் காசைத் திருப்பிப் பார்க்கவில்லை. நெற்றிக்காசைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் எங்கேயாவது உண்டா?

வாய்க்கரிசி போடும்போதுதான் அது நடந்தது. உறவுமுறைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு நகர, பாக்கியலெட்சுமி அழுதுகொண்டே ஒரு பிடி போட்டாள். பெரியாயி மென்றாள்.

இருமியிருந்தால்கூட மூச்சு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவள் கண்ணை மூடியபடியே, பசிக்கிறவளைப் போல அந்தப் பச்சரிசியை நறநறவென்று மென்று விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தாள். தப்படித்தவன் தப்பைப் போட்டுவிட்டு ஓடினான். லயத்து வாசலில் ஒரு குஞ்சு இல்லை. அழகையா ஒருவன்தான் அவள் கால்கட்டை அவிழ்த்தான். நெற்றிக்காசை எடுக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"அத எடுக்காதீங்க" என்றாள்.

குழி வெட்டி முடித்திருந்தது. வெட்டிய குழியை வெறுமனே மூடினால் வேறொரு ஆளைக் கேட்கும் என்பது அவர்கள் வழக்கம். ஆகையால் ரெங்கசாமிக் கங்காணி ஒரு வாழைத்தண்டை வெட்டச் சொல்லி, பெரியாயிக்கு வாங்கிய கோடித்துணியிலேயே அதைச் சுற்றி, 'பெரியாயி' என்று பெயர் சொல்லி, எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டு மூடிவிட்டார்கள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் பெயர் சொல்லி மண் போட்ட பிறகு, அந்தப் பெயருக்கு லயத்தில் என்ன வேலை?

உடம்பு தேறிப் பெரியாயி வேலைக்கு வந்தாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். கொழுந்து மலையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நிரை காலியாகக் கிடந்தது. காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை அவள் பேரைக் கூப்பிடாமல், "அந்தா அந்த ஆளு" என்று பிரம்பால் காட்டினார். பாக்கியலெட்சுமி தன் வாசலில் பழைய விளக்குமாற்றையும் பிய்ந்த செருப்பையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டாள். இடையில் இருப்பது ஒரு மண்சுவர். அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அப்படியிருந்தும் ஒரு சொல் கிடையாது.

கொடுமைக்காரிகள் என்று அவர்களைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அட்டை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மழை நாளில் மலைக்குப் போய் வந்தால் ஒவ்வொருத்தி காலிலும் ரத்தம் வடியும். பெரியாயி காலில் ஒரு பொட்டு ரத்தம் இராது. சுண்ணாம்போ சவர்க்காரமோ தடவியிருப்பாள் என்று அழகையாவும் முதலில் நினைத்தான். ஒரு நாள் அவனே அவள் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்துவிட்டு மலைக்கு அனுப்பினான். சாயங்காலம் அந்தக் கால் சுத்தமாக, சில்லென்று வந்தது. தன் கணுக்காலில் ஊதிக் கிடந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டே அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு மாற்றங்களும் இருந்தன. அவள் பாடுவதில்லை. குழம்பில் உப்புப் போட மறந்தாள். அவன் சொன்னால், "ஐயய்யோ, போடலியா?" என்று தன் தட்டில் இருந்ததை வாயில் வைத்துப் பார்ப்பாள். "எனக்குத் தெரியலீங்களே" என்பாள். அந்தக் காசைத் துணிப்பைக்குள் வைத்துத் தைத்து, நெற்றியில் நாடாவால் கட்டியிருந்தாள். அதன் மேல் தலைத்துணி, அதற்கும் மேல் கூடைக் கயிறு. கயிறு அழுத்தி அழுத்தி நெற்றியில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

சம்பளம் போட்ட வாரத்தில் பதுளையிலிருந்து ஸமீம் வருவான். தோளில் துணி மூட்டை, கையில் முழக்கோல். சீத்தைத் துணி, நூல்கண்டு, வளையல் விற்பது அவன் தொழில். கோணல் காசு வாங்குவது அவன் பைத்தியம். எல்லாரும் அவனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்துக் கைகளில் புழங்கும் சில்லறையில் அச்சுப் பிசகிய காசு இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்து வாங்குவான். பதுளையில் அப்படிப்பட்ட காசைச் சேர்க்கிற வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்தார். லயத்து ஆட்கள் பெரியாயி கதையைச் சொல்லிப் பயமுறுத்தியபோது ஸமீம் சிரித்தான்.

"மௌத்தான பொம்புள நூல்கண்டு கேட்டு அனுப்புவாவா? நீங்க வேற."

அவன் காம்பரா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தபோது பெரியாயி நனைந்த பையைப் பிரித்து வேறு துணியில் தைத்துக்கொண்டிருந்தாள். காசு அவள் மடியில் கிடந்தது. வெளியே மூட்டம் இறங்கி, எதிர் லயத்தின் கூரை மட்டும் தெரிந்தது.

"தங்கச்சி, அந்தக் காச கொஞ்சம் தாங்க. பாத்திட்டுத் தாறேன்."

"தர மாட்டேன் நானா. என் கையிலயே பாருங்க."

அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். ஸமீம் முதலில் மரம் போட்ட பக்கத்தைப் பார்த்தான். பிறகு அவள் கையை மெதுவாகத் திருப்பித் தலைப்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி மரம், மறுபடி தலை. மூட்டைக்குள் துழாவிப் பூதக்கண்ணாடியை எடுத்தான்.

"என்னா நானா, கள்ளக்காசா?" என்றான் அழகையா.

"பொறு அழகையா. அவசரப்படுத்தாத." கண்ணாடியை அவன் மரத்துப் பக்கத்தில் வருஷம் போட்ட இடத்தில் வைத்தான். "இங்க மூணுன்னு போட்டிருக்கு பாத்தியா? ஆயிரத்துத் தொளாயிரத்து மூணு. சில பேரு தொளாயிரத்துக் காச எடுத்து, கடைசிச் சைபரச் சொரண்டி மூணாக்கிக்கிட்டு வருவானுகள். சொரண்டினா சுத்திவரப் பள்ளம் விழும். இதுல விழல."

"விழலன்னா?"

"இன்னும் இருக்குது. தட்டானுக்கிட்டக் குடுத்து ரெண்டு காச அரைச்சு முதுகோட முதுகு ஒட்டவைப்பானுகள். ஒட்டுன காசு சத்தம் குடுக்காது. தங்கச்சி, அந்தப் படிக்கல்லுல ஒருக்காப் போடுங்க."

அவள் யோசித்தாள். பிறகு ஒரு சாண் உயரத்திலிருந்து கல்லில் போட்டு, உருள்வதற்குள் பொத்திப் பிடித்தாள். அந்தச் சின்னக் கிணுங்கலுக்குப் பக்கத்துக் காம்பராவில் பாக்கியலெட்சுமி அரைப்பதை நிறுத்தியது கேட்டது.

"நல்ல சத்தம்" என்றான் ஸமீம். "எடையும் பாத்திருவம்."

துணிமூட்டைக்குள் சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தான். ஒரு தட்டில் தன் அரை ரூபாயைப் போட்டான். மற்றத் தட்டில் அவள் தன் காசை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். தட்டுகள் ஆடி ஆடிச் சமமாக நிற்கும் வரையில் அவள் மூச்சு விடவில்லை. அழகையா அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காசு கைக்குத் திரும்பிய பிறகுதான் அவள் மார்பு ஏறி இறங்கியது.

ஸமீம் நெற்றி வியர்வையைத் துடைத்தான். அந்தக் குளிரில் வியர்வை!

"அழகையா, நான் கண்ட காசுக இந்த மூட்டை நிறையும். ஒரே மரத்துக்கு ரெண்டு முடி விழுந்த காசு கண்டிருக்கேன். பாதி அச்சு வெளிய போன காசு கண்டிருக்கேன். அதெல்லாம் கைப்பிசகு. இது அப்பிடியில்ல. தலைக்கு ஒரு அச்சு, மரத்துக்கு ஒரு அச்சு. மகாராணி மௌத்தானது தொளாயிரத்து ஒண்ணுல. அதோட அவ தல அச்சத் தூக்கி ஒதுக்கியாச்சு. அப்பறம் ராசா தலதான். இந்த மரத்து அச்சு ராசா காலத்தது. எவனோ ஒரு ஆளு தெரியாம அந்தப் பழைய தலைய எடுத்து இதோட பூட்டிட்டான்."

"அப்ப..." என்றாள் பெரியாயி.

"அப்ப என்ன, சோடி மாறின காசு. லேசுல கெடைக்காது. துரை நூத்தம்பது ரூபா தருவாரு. புளி போட்டு வெளக்கிறாதீங்க, பாதி வெல போயிரும். அந்த மஞ்சக் கறையும் அப்பிடியே இருக்கட்டும்."

அழகையாவுக்குக் காது அடைத்தது. வருஷக்கணக்காக மாடாய் உழைத்தாலும் கண்ணால் பார்க்க முடியாத பணம். அவன் பெரியாயியைப் பார்த்தான். அவளுக்கு ரூபாய்க் கணக்கு காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"நானா, இத அடிக்கிறப்ப அவ செத்துட்டாளா?"

"ஓம் தங்கச்சி. ரெண்டு வருசம் போயிட்டு."

"அப்பறமும் காசுல வந்திருக்கா. கட கடையாப் போயிருக்கா. அவ தலையக் காட்டித்தானே எல்லாரும் அரிசி பருப்பு வாங்கிருக்காங்க. யாரும் இல்லன்னு சொல்லலியே." அவள் காசை முகத்தருகே வைத்துக்கொண்டாள். "செத்தது தெரியாதவ முகம் பாருங்க. எவ்வளவு நல்லாருக்கா."

ஸமீம் மூட்டையைக் கட்டினான். அவனும் பிறகு சிரிக்கவில்லை. படியிறங்கும்போது அழகையாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "வித்துரு. அத வீட்டுல வச்சிருக்காத."

அன்றையிலிருந்து அழகையாவுக்கு ஒரே நினைப்பு. மொனராகலைப் பக்கம் புதிதாக ரப்பர் போடக் காடு வெட்டுகிறார்கள், அங்கே அவன் ஊர்க்காரக் கங்காணி ஒருவர் ஆள் எடுக்கிறார். அங்கே பெரியாயியைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது. பீலியில் குடத்தோடு குடம் இடிக்கச் சண்டை போடலாம். அவள் மறுபடி பாடுவாள். ஆனால் தோட்டத்தை விட்டுப் போக கடன் பாக்கி இல்லை என்று ரெங்கசாமிக் கங்காணி துண்டு எழுதித் தர வேண்டும். பாக்கியை அடைக்காமல் துண்டு எப்படிக் கிடைக்கும்? அவன் அவளிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"ஒனக்காகத்தான் கேக்குறேன் புள்ள. இங்க ஒன்னய நாயா வெரட்டுறாளுக. எனக்குப் பாக்க முடியல."

"இதக் குடுத்துட்டா நான் எப்பிடிங்க வர்றது? நீங்க ஒத்தையிலதான் போகணும்."

"பைத்தியமாட்டம் பேசாத."

"கோவிச்சுக்காதீங்க. தராசுல வச்சப்ப எனக்கு எல்லாம் தூரமாப் போயிருச்சுங்க. நீங்ககூட."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அடுத்த வாரம் ஓயாத மழை. பை மறுபடி ஊறி நைந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "நான் தச்சுத் தர்றேன், நீ படு" என்றான் அழகையா. அவள் அவனை நம்பாமல் யாரை நம்புவாள்? பாயில் மல்லாந்து படுத்தாள். "சீக்கிரம் தச்சுருங்க" என்று அவன் கணுக்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அவன் நாடாவை அவிழ்த்தான். காசு நெற்றியை விட்டுப் பிரிந்ததுமே அவள் மூச்சு நின்றது. இமை அசையவில்லை. உதடு வெளுத்தது. கணுக்கையில் இருந்த அவள் பிடி மட்டும் இருந்தது, ஆனால் அந்த விரல்கள் ஈரக் கல்லைப் போலச் சில்லிட்டன. பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள், வேறொன்றுமில்லை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இடுப்பில் தயாராக வைத்திருந்த வேறொரு அரை ரூபாயைப் பைக்குள் போட்டு, ஒற்றைக் கையால் கோணல்மாணலாகத் தைத்து, நெற்றியில் வைத்துக் கட்டினான். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அவள் நீளமாக மூச்சு இழுத்தாள்.

"வந்துட்டேங்க" என்று கண்ணைத் திறந்து சிரித்தாள்.

அவன் மறுநாளே வயிற்றுவலி என்று பெரட்டுக்குப் போகாமல், பசறை வழியாகப் பதுளைக்கு நடந்தான். வழியெல்லாம் காசு தொடையில் பட்டுக்கொண்டே வந்தது. கடையில் ஸமீம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"தங்கச்சி சம்மதிச்சாவா?"

"அவதான் குடுத்தனுப்புனா."

ஸமீம் அவன் முகத்தைப் பார்த்தான். துரை வீட்டுக்குப் போய்ப் பணத்தோடு வந்தான். துரை சந்தோஷத்தில் சத்தம் போட்டாராம், அடுத்த கப்பலிலேயே சீமையில் இருக்கிற தன் கூட்டாளிக்குக் காட்ட அனுப்புகிறாராம். அழகையா தேங்காய், கருவாடு, அவளுக்கு ஒரு சேலை எல்லாம் வாங்கிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது லயத்துக்குப் பக்கத்தில், ஒப்பாரி கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. பட்பட்டென்று, அவள் கை. அவன் லயத்துப் படியிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மனிதனுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தால் அழாமல் என்ன செய்வான்?

அதற்குப் பிறகு நல்ல நாட்கள். பெரியாயிக்கு அந்தப் புதுச் சேலை பிடித்தது. ஒரு நாள் குழம்பில் உப்பு அளவாக இருந்தது. இன்னொரு நாள் அவள் காலில் அட்டை கடித்து ரத்தம் வடிந்ததைப் பார்த்து அழகையா தலைகால் தெரியாமல் சிரித்தான். "என்னாங்க இது, ரத்தத்தப் பாத்துச் சிரிக்கிறீங்க" என்று அவள் கேட்டாள். சீட்டுப் பிடித்து வாங்கிய பணம் என்று அவளிடம் புளுகி, கங்காணி பாக்கியை அடைத்தான். ரெங்கசாமிக் கங்காணி துண்டைக் கையில் கொடுத்தபோது, "நல்லதுடா, கூட்டிக்கிட்டுப் போயிரு" என்று பெருமூச்சு விட்டார். அவருக்கும் நிம்மதிதான்.

கிளம்புகிற காலையில் மழை ஊற்றியது. மூட்டை கட்டியாகிவிட்டது. வழிக்கு ரொட்டி சுட அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியாயி அடுப்பின் முன்னே உட்கார்ந்தபடி அசையாமல் இருந்தாள்.

"ஏங்க, நான் வரலீங்க. நீங்க போங்க."

"என்னா புள்ள இது, கெளம்புற நேரத்துல?"

"நேத்துலேர்ந்து ஒரே ரோசனையா இருக்குங்க. இந்த மலைல வச்சுத்தானே இது என்னயப் புடிச்சு நிறுத்துச்சு? மல எறங்கினா விட்டுருமோன்னு பயமா இருக்கு. பாதி வழியில ரோட்டுல கெடந்தேன்னா நீங்க என்னா பண்ணுவீங்க, ஒத்த ஆளு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் வரலீங்க. இங்கயே இருந்துக்கிறேன்."

அவன் எவ்வளவோ சொன்னான். தாஜா பண்ணினான், சத்தம் போட்டான், கையைப் பிடித்து இழுத்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வேறு வழி தெரியாமல்தான் அவன் அதைச் செய்தான். அவள் முன்னே மண்டியிட்டு, நெற்றி நாடாவை அவிழ்த்து, பைத் தையலைப் பல்லால் பிய்த்து, காசை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"பாரு. நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். தாடி வைத்த ஆண்பிள்ளைத் தலை.

"இது யாருங்க?"

"ராசா. இப்ப உள்ள ராசா."

"அவ எங்க?"

"வித்துட்டேன் புள்ள. சீமைக்கே போயிட்டா. கோவிச்சுக்காத, கேளு." அவன் அவள் விரல்களைக் காசின் மேல் மடக்கிப் பிடித்தான். "இத்தன நாளா இந்த ஒண்ணுமில்லாத காசத்தான் கட்டிக்கிட்டு இருந்த. நடந்த, கொழுந்து எடுத்த, சிரிச்ச. அட்டகூடக் கடிச்சுச்சு. ஒனக்கு என்னா ஆச்சு? ஒண்ணும் ஆகலியே! அந்தக் காசுல ஒண்ணுமே இல்ல பெரியாயி. நீ உசுரோட இருக்க. ஒன் பாட்டுக்கு உசுரோட இருக்க. அதச் சொல்லத்தான்..."

அவன் அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு அழுது சிரித்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. ஏதோ கணக்குப் பார்க்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கினாள்.

"அந்த ஞாயித்துக்கெழமையா மாத்துனீங்க? பை தச்சுக் குடுத்தீங்களே, அன்னைக்கா?"

"ஆமா புள்ள."

"அப்ப, அன்னையிலேர்ந்து ஒங்களுக்குச் சோறாக்கிப் போட்டது யாருங்க?"

அழகையாவின் கை தானாகக் கீழே விழுந்தது.

அவள் எழுந்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புகையும் சாம்பலும் கிளம்பிக் காம்பரா நிறைந்தது. "எழவு வூட்ல அடுப்பு எரியக் கூடாதுங்க" என்றாள், அவனுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. கட்டிய மூட்டையைப் பிரித்துப் பாயை உருவி, தலைமாடு தெற்கே வரும்படி விரித்தாள். அவன் குறுக்கே விழுந்து பாயைச் சுருட்டினான். அவள் பொறுமையாக அதை வாங்கி மறுபடி விரித்தாள்.

"ஊருக்குச் சொல்லுங்க. இவ்வளவு நாளு வச்சிருந்ததே தப்பு."

"பெரியாயி, வேண்டாம்டி. ஒன் கால்ல விழறேன்."

"நீங்க சொல்லாட்டி நானே சொல்லிக்கிறேன்."

அவள் வாசலுக்கு வந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மழையைப் பார்த்து உட்கார்ந்து குரலெடுத்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் பாடினாள். கப்பலேறி வந்த மகளே, முசிறி மண்ணு மறந்த மகளே, ஒன் பேரச் சொல்லி வாழமரம் பொதச்சாகளே என்று தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். குரல் வெண்கலம் மாதிரி லயம் முழுக்கப் போனது.

ஒப்பாரிக் குரல் கேட்டால் லயத்தில் யாரும் உள்ளே இருக்க முடியாது. தீராத பகைக்காரியாக இருந்தாலும் வந்து கட்டிப்பிடித்து அழுதாக வேண்டும். முதலில் பக்கத்துக் கதவு திறந்தது. பாக்கியலெட்சுமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து எட்ட நின்றாள்.

"யாரு பெரியாயி? யாரு போனது?"

"நான்தான்டி பாக்கியம்."

பாக்கியலெட்சுமியின் முகம் கோணியது. தொங்கிக்கொண்டிருந்த விளக்குமாற்றைத் தாண்டி ஓடி வந்து, "ஏ என் தங்கமே" என்று பெரியாயியின் தோளில் விழுந்தாள். அன்றைக்கு அழ முடியாமல் பாதியில் நின்றுபோன அழுகை அத்தனையும் வந்தது. பிறகு ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பெரியாயியை உள்ளே கூட்டிப் போய்ப் பாயைச் சுற்றி உட்கார்ந்து தோளோடு தோள் போட்டுக்கொண்டார்கள். அவளும் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் எடுத்த அடிக்கு அடி கூட்டி அழுதாள். அத்தனை மாதமும் அவளைத் தொடாத கைகள் எல்லாம் அவள் மேல் இருந்தன.

ஆம்பிளைகள் இஸ்தோப்பில் அழகையாவுக்குப் பக்கத்தில் குந்தினார்கள். ஒவ்வொருவராகக் கையை நீட்டித் துக்கம் கேட்டார்கள். கடைசியாக ரெங்கசாமிக் கங்காணி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அவன் தோளைத் தொட்டார்.

"எப்பப்பா எடுக்கிறது?"

அழகையா துள்ளி எழுந்தான். "அவ உசுரோட இருக்காய்யா! உள்ள பாருங்க, அந்தா அழுவுறா பாருங்க! அவ உசுரோட இருக்கா!"

ஒருத்தரும் தலை நிமிரவில்லை. கங்காணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஆமாப்பா. எல்லாருக்கும் மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்."

உள்ளே ஒப்பாரி ஒரு கணம் நின்றது. பெண்களின் நடுவிலிருந்து பெரியாயியின் குரல், தெளிவாக, மரியாதையாக வந்தது.

"மழ விட்டதும் எடுத்துருங்க ஐயா."

அழகையா வெளியே பார்த்தான். மழை விட்டுக்கொண்டிருந்தது.